அப்பத்தா முகத்தில் வழுக்கிய உளி: சிம்பை ஒட்டுவதா, விட்டுவிடுவதா?

கண்டனூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் வேலையில் நான் கத்துக்குட்டி. பகலில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இரவு எட்டரைக்கு மேல்தான் உளியைக் கையில் எடுக்க முடியும். மாங்காய், ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூ, ஒரு சேவல் என்று இதுவரை ஆறு கட்டைகள் செதுக்கியிருக்கிறேன். ஏழாவதாக அப்பத்தாவின் முகத்தை எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அப்பத்தா நாற்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டவள். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை அந்த வீட்டுத் தரை பளபளத்தது அவள் கையால்தான். கண்டாங்கிச் சேலை, காதில் தண்டட்டி, இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். இறந்து மூன்று வருடம் ஆகிறது. வாக்காளர் அட்டைக்கு எடுத்த போட்டோ ஒன்றுதான் மிச்சம்.

பலகையைக் காரைக்குடியில் பழைய மரம் விற்கும் இடத்தில் வாங்கினேன். இடித்த வீட்டு அலமாரித் தட்டு, பர்மா தேக்கு என்றார் கடைக்காரர். போட்டோவைப் பார்த்து முதலில் பென்சிலில் வரைந்தேன். அது நன்றாகவே வந்தது. அம்மா பார்த்துக் கண் கலங்கினாள். கார்பன் தாள் வைத்துப் பலகையில் ஏற்றிப் பதினோரு இரவு செதுக்கினேன்.

செதுக்காமல் விட்ட மேட்டில் மை ஏற்றி, மேலே தாளை வைத்து அழுத்தி அச்செடுத்தேன். தாளை உரித்ததும் அம்மா சொன்னது: “இது அப்பத்தா இல்லை, அவள் தங்கச்சி.” மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. இடவலம் மாறும் என்பது தெரியாமல் இல்லை. சேவலில் அதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று இருந்து பழகிவிட்டது. மச்சமாவது போகட்டும். முகத்துச் சுருக்கங்களைப் பென்சிலில் போட்டபடியே ஒவ்வொன்றாக வி வடிவ வாய் உள்ள உளியால் கீறியிருந்தேன். தாளில் அவை எல்லாம் வெள்ளை வெள்ளையாக, யாரோ கத்தியால் கிழித்து ஆறிய தழும்புகள் போல நிற்கின்றன. பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் ஓர் இடம் மட்டும் அப்படி இல்லை. கழுத்தில் செதுக்கும்போது உளி வழுக்கிவிட்டது. மரத்தின் ரேகை ஓடிய திசையிலேயே சிம்பாக ஒரு மெல்லிய மரச்சில்லு பெயர்ந்து, தாடைக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை ஒரே இழுப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. படத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போன அம்மா திரும்பி வந்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, “பேச வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்பாளே, அந்தக் கழுத்து இது” என்றாள்.

கவனமாகச் செய்த பதினோரு இரவும் செத்துக் கிடக்கிறது. கை தவறிய ஒரு நொடி மட்டும் உயிரோடு இருக்கிறது. இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள். பெயர்ந்த சிம்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒட்டிவிடலாமா? வேறு பலகையில் முதலிலிருந்து தொடங்கலாமா? பேசாமல் மரத்தை விட்டு லினோவுக்கு, அதுதான் அந்த மெத்தென்ற லினோலியம் விரிப்பில் செதுக்குவதற்கு, போய்விடலாமா?

உளிச்சத்தம் எழுதியது:

தங்கச்சி, நான் தச்சு வேலைக்காரன். அச்செடுத்துப் பழக்கமில்லை, அதனால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிலைக்கும் கதவுக்கும் தேக்கைப் போல வராது. நுணுக்கமான கீறலுக்கு அது தோதுப்படாது. தேக்குக்குள் மணல் சத்து உண்டு, உளியின் வாயைத் தின்றுவிடும். வளையத்தில் ஒரு பட்டை கண்விட்டு மெதுவாக இருக்கும், அடுத்த பட்டை கெட்டியாக இருக்கும். மெதுவில் போய்க்கொண்டிருந்த உளி கெட்டியில் ஏறும்போது நீங்கள் அறியாமலே கை அழுத்தும். கெட்டியைத் தாண்டியதும் உளி பாயும். உங்களுக்கு நடந்தது அதுதான். கை தவறியது என்கிறீர்கள். பதினோரு இரவில் உளியை எத்தனை முறை தீட்டினீர்கள்? எங்கள் பட்டறையில் தேக்கு என்றால் அரை மணிக்கு ஒரு தடவை கல்லுக்குப் போவோம்.

பெயர்ந்த சிம்பை வச்சிரம் வைத்து ஒட்டி இரவு முழுக்க இறுக்கிக் கட்டிவைத்தால் ஒட்டியதே தெரியாது. அது பெரிய வேலை இல்லை. ஒட்ட வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். நிலையின் மேல் கஜலட்சுமி செதுக்கும்போது எங்களுக்கு எல்லாமே ஆழம்தான். மூக்குக்கு எவ்வளவு, கன்னத்துக்கு எவ்வளவு என்று படிப்படியாக இறங்குவோம், வெளிச்சம் விழுந்தால் உருவம் எழுந்து நிற்கும். உங்கள் வேலையில் ஒரு நெல் ஆழம் எடுத்தாலும் ஒரு விரல் ஆழம் எடுத்தாலும் தாளில் விழுவது ஒரே வெள்ளைதானே? அப்படியானால் கன்னத்தின் உருட்டை எப்படிக் காட்டுவீர்கள்?

பழைய அச்சாபீஸ் எழுதியது:

ஆசாரியார் கேட்டாரே, அந்தச் சந்தேகத்தில்தான் இந்தக் கலையே அடங்கியிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஆத்தா, சிம்பை ஒட்டாதே. அதற்காக அந்தக் கோட்டுக்குச் சூடம் காட்டவும் வேண்டாம்.

முதலில் இடவல விஷயம். எங்கள் அப்பா காரைக்குடியில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் அச்சு மிஷின் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பில் புத்தகம், திருவிழா நோட்டீஸ். பத்து வயதிலேயே எழுத்தைத் திருப்பிப்போட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மேசை இழுப்பறையில் மரக்கட்டையில் செதுக்கிய பிள்ளையார் ஒன்று, குத்துவிளக்கு இரண்டு, கும்பிடும் கை ஒன்று இருக்கும். பிள்ளையார் கட்டை தேய்ந்துபோய்ப் புதிதாக ஒன்று செதுக்கச் சொன்னார் அப்பா. செதுக்கியவர் படத்தைத் திருப்பாமல் அப்படியே செதுக்கிவிட்டார். ஐந்நூறு பத்திரிகையிலும் துதிக்கை வலப்பக்கம் சுழித்து நின்றது. அப்பா பயந்துகொண்டே பத்திரிகைக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர், “வலம்புரியாக வந்திருக்கிறாரே” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடப் பத்து ரூபாய் கொடுத்தார். உன் அம்மாவிடம் அந்தச் சலுகை கிடைக்காது. போட்டோவைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துப் பலகையில் வரை.

அடுத்தது சுருக்கம். பென்சில் பட்ட இடம் கறுக்கும், உளி பட்ட இடம் வெளுக்கும். நீ உளியைப் பென்சிலாகப் பிடித்தாய், அதுதான் தழும்பு ஆனது. கறுப்புச் சுருக்கம் வேண்டுமானால் அதைத் தொடக்கூடாது; அதற்கு இரு பக்கமும் உள்ள தோலை எடுக்க வேண்டும், சுருக்கம் வரப்பு போல நடுவில் நிற்கும். வரப்பின் கரையை உள்பக்கமாகக் குடைந்துவிடாதே, அடி அகலமாகச் சரிவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அழுத்தும்போது உடைந்துபோகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உன் அப்பத்தாவுக்கு அதுதான் பொருந்தும். பலகை முழுவதும் கறுப்பு மையை நீர்க்கக் கரைத்துப் பூசிக் காயவிடு. சாக்பீஸால் முகத்தைக் கோடு காட்டிக்கொள். பிறகு வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் எடு. செதுக்கச் செதுக்க மரத்தின் வெளிர்நிறம் கறுப்பிலிருந்து வெளியே வரும், தாளில் எப்படி வரும் என்பது பலகையிலேயே தெரிந்துவிடும். நாற்பது வருடம் அவள் செய்த வேலையும் இதுதானே? தண்ணீர் தெளித்த வாசல் கறுத்துக் கிடக்கும், அவள் விரலிடுக்கிலிருந்து வெள்ளை மட்டும் இறங்கும். இருட்டை அவள் வரைந்ததே இல்லை.

இப்போது ஆசாரியாரின் கன்ன உருட்டு. கட்டையில் மை ஏறிய இடம், ஏறாத இடம் என்று இரண்டே உண்டு, சாம்பல் நிறம் கிடையாது. சாம்பல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கியும் அகற்றியும் கண்ணை ஏமாற்ற வேண்டும். கண்டாங்கிக் கட்டத்தைத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு நிறம் கலந்து மூன்றாவதாக ஒன்று தெரிகிறதே, அதே வித்தைதான். கன்னத்தின் மேட்டில் கீறல்கள் நெருக்கம், சரியச் சரிய இடைவெளி, தாடைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான் உருட்டு.

இந்தச் சாம்பல் இல்லாத கொடுமைதான் மரச்செதுக்கு அச்சின் பலம் என்பது என் அபிப்பிராயம். பென்சிலில் தெரியாத இடத்தைத் தேய்த்து மழுப்பிவிடலாம். கட்டையில் மழுப்ப முடியாது. கண்ணுக்குக் கீழே இருப்பது நிழலா தோலா என்று நீ முடிவு கட்டியாக வேண்டும், கட்டிய பிறகு திரும்ப முடியாது. அப்படி முடிவு கட்டிக் கட்டி வந்த முகத்தில் ஒரு கண்டிப்பு ஏறிவிடுகிறது. உங்கள் அம்மா பென்சில் படத்தைப் பார்த்து அழுதாள், அச்சைப் பார்த்துத் திரும்பி வந்தாள். இரண்டும் வேறு வேறு.

ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1914 அக்டோபரில் அவருடைய இளைய மகன் பேட்டர் பதினெட்டு வயதில் பெல்ஜியப் போர்முனையில் இறந்துபோனான். செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுப்பதிலும் கல்லச்சிலும் அவர் ஏற்கெனவே பெரிய கை. ஆனால் போரைப் பற்றிச் சொல்ல நினைத்தது அந்த இரண்டிலும் அவர் மனத்துக்கு ஒப்பும்படி வரவில்லை. 1920இல் ஜெர்மன் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு உளியை எடுத்தார். 1921, 22இல் செதுக்கிய ஏழு படங்கள் ‘போர்’ என்ற தலைப்பில் 1923இல் வெளிவந்தன. அதில் ‘பெற்றோர்’ என்று ஒரு படம். மண்டியிட்ட இரண்டு பேர், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஒரே கறுப்பு மேடாக இருக்கிறார்கள். தகப்பன் கையால் முகத்தை மூடியிருக்கிறான். யாருடைய உடம்பு எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இத்தனைக்கும் அவர் நினைத்திருந்தால் ஒவ்வொரு கண்ணீரையும் தகட்டில் நுணுக்கமாகப் போட்டிருப்பார்.

இனி உன் கோடு. அது ஏன் உயிரோடு இருக்கிறது? உன் படத்தில் போட்டோவைப் பார்த்து வராத கோடு அது ஒன்றுதான். அதோடு கழுத்து நரம்பு இறங்கும் திசையும் பலகையின் ரேகை ஓடும் திசையும் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. மரம் தனக்குத் தோதான பக்கம் ஓடியது, அது உன் அப்பத்தாவுக்கும் தோதாக அமைந்தது. கன்னத்தில் வழுக்கியிருந்தால் பலகையை அடுப்பில் வைத்திருப்பாய். ஆகவே தப்பு செய்தால் உயிர் வரும் என்று நம்பி ஏமாறாதே. அடுத்த தடவை வரைவதற்கு முன்பே ரேகை எந்தப் பக்கம் போகிறது என்று பார். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் ‘முத்தம்’ என்ற படத்தை 1897 முதல் 1902 வரை மரத்தில் பல வடிவங்களில் செய்து பார்த்தார். அணைத்து நிற்கும் இருவரும் ஒரே கறுப்பு உரு, அதைச் சுற்றிப் பலகையின் ரேகை அப்படியே மை ஏறி நிற்கிறது. மழை பெய்வதுபோல் இருக்கும். பலகையைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிப் படத்தை முடித்துவிட்டார் மனிதர்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

மரம் பேசுகிறது, ரேகை பாடுகிறது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். என் பிள்ளைகள் லினோவில்தான் செதுக்குகிறார்கள். ரேகை இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் உளி சொன்ன பேச்சைக் கேட்கும், பிள்ளைகளின் விரலும் தப்பிக்கும். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை வைத்துச் செய்த காந்தி, லினோவில் செய்தது. கறுப்புத் தளம், வெள்ளைக் கோடு, கையில் தடி, எடுத்து வைத்த கால். இந்தியாவில் அதைப் பார்க்காத கண் உண்டா? அச்சாபீஸ்காரர் சொன்ன “இருட்டை வரையாத” முறை அப்படியே அதில் இருக்கிறது, ஒரு இழை மரம்கூட இல்லாமல்.

தங்கச்சி, பழைய வீட்டுத் தேக்குப் பலகையில் செதுக்குவதால் மட்டும் பாட்டி வந்துவிட மாட்டார். சென்னைக்குப் போனால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையத்தில் அச்சோவியக் கூடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அதன் செயலராக இருந்த அச்சோவியர் ஆர்.எம். பழனியப்பன் எங்கள் தேவகோட்டையில் 1957இல் பிறந்தவர். கல், தகடு, மரம், லினோ எல்லாம் கருவிதான் என்பது அங்கே போனால் புரியும்.

பழைய அச்சாபீஸ் எழுதியது:

வாத்தியார் சொன்ன காந்தி படத்துக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அது பெரிய படம். ஆனால் அது ஏன் லினோவில் நன்றாக வந்தது என்று பாருங்கள்: அந்தக் கோட்டில் தயக்கமே இல்லை, நடக்கிற மனிதரின் கோடு. பேச வந்ததை விழுங்கிய கழுத்துக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற பொருள் வேண்டும் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தக் கலை பரவியதற்கு ரேகையைவிட ஒரு சாதாரணக் காரணம் உண்டு. செதுக்கிய கட்டையும் ஈய எழுத்தும் ஒரே வகை, மேடான இடத்தில்தான் மை ஏறும். கட்டையின் உயரத்தை எழுத்தின் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே ஓட்டத்தில் அடித்துத் தள்ளலாம். நம்முடைய பழைய பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களின் கட்டைப் படங்கள் அப்படி வந்தவைதான். மிஷினே இல்லாவிட்டாலும் தாளின் முதுகைத் தேய்க்க ஒரு கரண்டி போதும். 1931 ஆகஸ்டில் சீன எழுத்தாளர் லூ சுன் ஷாங்காயில் இளைஞர்களைக் கூட்டி ஆறு நாள் மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். சொல்லிக்கொடுத்தவர் ஜப்பானியர், கூடவே நின்று மொழிபெயர்த்தவர் லூ சுன். அதே ஆண்டு, சுட்டுக் கொல்லப்பட்ட நண்பர் ரோ ஷியின் நினைவாகக் கொல்விட்ஸின் ‘பலி’யை ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். ‘போர்’ வரிசையின் முதல் படம் அது, குழந்தையைத் தூக்கி நீட்டும் தாய். அங்கிருந்து சீனத்து மரச்செதுக்குகள் வங்காளம் வரை வந்தன. 1946இல் வங்காளத்தில் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுப் போராடிய தேபாகா விவசாயிகளோடு இருந்து நாட்குறிப்பும் கோட்டோவியங்களும் போட்ட ஓவியர் சோமநாத் ஹோர் பிறகு அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் செய்தார். பேட்டரின் சாவுக்கு ஒரு தாய் எடுத்த உளி எங்கெங்கே போயிருக்கிறது பாருங்கள், வாத்தியார்.

கண்டனூர்க்காரி எழுதியது:

மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்க வேண்டும். மண்டியில் அறுவடை நேரத்துக் கணக்கு.

வேறு பலகை வாங்கவில்லை. அதே தேக்கின் பின்பக்கத்தை ஆசாரி அண்ணன் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து, பக்கத்துத் தெருப் பட்டறையில் இழைப்புளி போட்டு மழமழவென்று ஆக்கி வாங்கி வந்தேன். கூடவே ஒரு தீட்டுக்கல்லும். கறுப்புப் பூசினேன். சாக்பீஸ் கையோடு கலைந்துபோனதால் கோலமாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஈர்க்குச்சியால் கோடு போட்டேன். போட்டோவைக் கண்ணாடியில் பார்த்தபோது அது அப்பத்தாவைப் போலவே இல்லை, அவள் தங்கச்சிதான்.

வெளிச்சத்தை மட்டும் எடுத்தேன்: நெற்றி, மூக்குத் தண்டு, தண்டட்டியின் விளிம்பு, சேலைத் தலைப்பின் மடிப்பு. மச்சத்தில்தான் ஓர் இரவு முழுக்கப் போனது. கன்னத்தின் வெளிச்சத்தை நெருங்கிய கீறல்களாக எடுத்துக்கொண்டே வந்து, அந்த மிளகு அளவு இடத்தை மட்டும் தொடாமல் சுற்றிப் போக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினேன். இப்போது பலகையில் அது ஒரு சின்னத் தீவு போலத் தனியாக நிற்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படுகிறது, அவள் மடியில் படுத்துக்கொண்டு தடவியபோது தட்டுப்பட்ட மாதிரியே.

கழுத்தில் பழைய கோட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். ஒரு மிச்சத் துண்டில் நாலைந்து முறை வேண்டுமென்றே உளியைப் பாயவிட்டேன். எல்லாம் நடிப்பாக இருந்தது. கடைசியில் கழுத்தைச் செதுக்கவே இல்லை, முழுக் கறுப்பு. 

மெல்லிய தாள் போட்டு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்டட்டி இன்னும் பெரிசு” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடிக்காமல் பீரோவுக்குள் வைத்துவிட்டாள், எனக்கே கேட்டுத்தான் கிடைக்கிறது.

ஒரு சந்தேகம். மூன்றாவது படி எடுக்கும்போது கன்னத்துக் கீறல்கள் மையால் அடைபடுகின்றன. மையை இளக்க வேண்டுமா?

பழைய அச்சாபீஸ் எழுதியது:

இளக்காதே, இன்னும் மோசமாகும். மை கூடிப்போய்விட்டது. கண்ணாடித் தகட்டில் ரோலரை உருட்டும்போது காதைக் கொடு. சப்புச் சப்பென்று ஒட்டினால் அதிகம். பணியாரக் குழியில் எண்ணெய் காயும்போது ஒரு மெல்லிய சீறல் வருமே, அந்தச் சத்தம் வந்தால் சரி. அடைபட்டதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்துவிடு, மச்சத்துப் பக்கம் மெதுவாக.

உளிச்சத்தம் எழுதியது:

தங்கச்சி, எனக்கும் ஒரு படி வேண்டும். காசுக்குப் பதிலாக உங்கள் உளி எல்லாவற்றையும் ஒரு தடவை நான் தீட்டித் தருகிறேன். பழைய பக்கத்துச் சிம்பு இன்னும் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், என்ன மரம் என்று பார்த்துவிடுவோம். பர்மா தேக்கு என்று கடைக்காரர் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை.